உண்மையான பத்து வரி

சேதி வந்தபோது நான் சிவகாசி பஸ்ஸில் நின்றுகொண்டிருந்தேன். புரோகிராம் எழுதுகிறவர்கள் தமிழிலேயே சந்தேகம் கேட்டுக்கொள்ளும் நம் இணையக் குழுவில், மாரீஸ்வரி பெயரில் ஒரு புதுப் பதிவு. இன்றைக்கு யாரை வறுத்தெடுக்கிறாளோ என்று சிரித்துக்கொண்டேதான் திறந்தேன். "இது என் வீட்டுக்காரி போன். அவ எந்நேரமும் இதுலதான் எழுதிக்கிட்டு இருப்பா. காய்ச்சல்னு படுத்தவ அஞ்சாம் நாள் போய்ச் சேந்துட்டா. யாருகிட்டச் சொல்லணும்னு தெரியல. தப்பான எடத்துல போட்டிருந்தா மன்னிக்கணும்." எழுதியிருந்தவர் அவள் கணவர் தங்கபாண்டி. கண்டக்டர் டிக்கெட் கேட்டது என் காதில் விழவில்லை. முப்பத்தெட்டு வயது, சாகிற வயதா அது?

நண்பர்களே, உங்களில் பலருக்கு அவள் எழுத்தாக மட்டுமே தெரியும். ஆமத்தூரில் பஸ் ஏறி, சிவகாசியில் ஒரு காலண்டர் அச்சகத்தில் கம்ப்யூட்டர் வேலைக்குப் போய்வந்தாள். நான் விருதுநகரிலிருந்து அதே பஸ்ஸில் போய் இன்னொரு காலண்டர் கம்பெனியில் அதே வேலை பார்க்கிறேன். தொழில் முறையில் நாங்கள் எதிராளிகள். என்னைவிட எட்டு வயது இளையவள். ஆனாலும் அவளிடம் நான் வாங்கிய ஏச்சை வேறு யாரிடமும் வாங்கியதில்லை.

மூன்று வருஷத்துக்கு முந்தைய கதை. விசேஷம், ராகு காலம் எல்லாம் வரிவரியாக அடித்த பட்டியலைப் படித்து, தினசரி காலண்டரின் அத்தனை தாளையும் தானே கோத்துத் தருகிற புரோகிராம் ஒன்றை நானாகவே தட்டுத் தடுமாறி எழுதியிருந்தேன். "இந்த வருஷம் ஆள் உட்கார்ந்து கோக்க வேண்டாம்" என்று முதலாளியிடம் மார்தட்டியும் வைத்திருந்தேன். ஆடிப்பெருக்குக்குப் பன்னிரண்டு நாள் இருக்கும்போது சரிபார்த்தால், ஜனவரி நடுவிலிருந்து திங்கட்கிழமைத் தாளில் ஞாயிற்றுக்கிழமை ராகு காலம் உட்கார்ந்திருக்கிறது! ஏழரை மணிக்குத் தொடங்க வேண்டியது சாயங்காலம் நாலரைக்கு. அதற்கப்புறம் வருஷம் முழுக்க எல்லாம் ஒரு நாள் பிந்தியே ஓடியது. அப்படியே அச்சேறினால், அந்தக் காலண்டரைப் பார்த்துப் பெண் பார்க்கப் போகிறவர்கள் நேரே ராகு காலத்தில் போய் நிற்பார்கள். கம்பெனி மானம் சந்தி சிரிக்கும். என் வேலையும் அதோடு போகும்.

குழுவில் கேட்கலாம். ஆனால் சிவகாசியில் அடுத்த வருஷக் காலண்டரை ஆடிப்பெருக்கு அன்று பூஜை போட்டுத்தான் வெளியே காட்டுவார்கள். அதற்கு முன் ஒரு தாள் வாசல் தாண்டக் கூடாது. நான் ரொம்பப் புத்திசாலி அல்லவா? கம்பெனி விவரம் எதையும் போடாமல், நாளுக்கு ஒரு வரி வீதம் அ, ஆ, இ என்று பத்து வரி நானே அடித்து, "தேதி ஒரு நாள் தள்ளிப் போகிறது, அவசரம், உதவுங்கள்" என்று போட்டேன்.

ஐந்து பேர் ஓட்டிப் பார்த்துவிட்டு, "எங்களுக்குச் சரியாகத்தானே வருகிறது" என்றார்கள். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "வருகிறது என்றால் நான் பொய்யா சொல்கிறேன்?" என்று ஒருவரிடம் சண்டைக்கே போனேன். அப்போதுதான் மாரீஸ்வரி உள்ளே வந்தாள்.

"அண்ணே, வயித்துவலிக்காரன் தம்பியக் கூட்டிட்டு வந்து ஆஸ்பத்திரியில காட்டுன கதையா இருக்கு. இது நீங்களா அடிச்ச வரி. தப்பு வர்ற உண்மையான பத்து வரியப் போடுங்க."

அவள் வேலை பார்ப்பது எந்த ஊர் என்று பார்த்தேன். சிவகாசி. ஆகா, ஆழம் பார்க்கிறாள் என்று முடிவுகட்டினேன். "அது எங்கள் கம்பெனி விஷயம்" என்று வெடுக்கென்று எழுதினேன்.

"ஏகாதசியும் கார்த்திகையும் ஒங்க கம்பெனியிலயா தயாராகுது? ஊருக்கெல்லாம் ஒரே அமாவாசதானண்ணே!"

குழுவே சிரித்தது. எனக்கு மூக்குக்கு மேல் கோபம். நான்கு நாள் வீம்பாக இருந்து நானே மண்டையை உடைத்துக்கொண்டேன், ஒன்றும் பிடிபடவில்லை. ஐந்தாம் நாள் அவளுக்குத் தனியாகச் செய்தி அனுப்பினேன். "தனியாச் சொன்னா ஒங்களுக்கு மட்டுந்தான் தீரும். பொதுவுல போடுங்க, நாளைக்கு மாட்டுறவனுக்கும் ஆகும்" என்று திருப்பி அனுப்பிவிட்டாள். வேறு வழியில்லாமல் ஜனவரியின் பத்து வரிகளை அப்படியே போட்டேன்.

டீ குடித்து முடிப்பதற்குள் பதில் வந்தது. ஏகாதசியும் கார்த்திகையும் ஒரே நாளில் வந்ததால், விவரம் அடித்தவர் அந்த ஒரு நாளுக்கு இரண்டு வரி கொடுத்திருந்தார். என் புரோகிராம் வரிக்கு ஒரு நாள் என்று எண்ணிக்கொண்டே போனது. இரண்டாவது வரி மறுநாளுக்குப் போய்விட, அங்கிருந்து எல்லாமே ஒரு நாள் பிந்திவிட்டது. "வரிய எண்ணாதீக. வரியில இருக்க தேதியப் பாத்து எடுங்க" என்று முடித்திருந்தாள். நாளுக்கு ஒரு வரி என்று நான் சுத்தப்படுத்திக் காட்டினேனே, அந்தச் சுத்தத்தில்தான் தப்பு மறைந்துபோயிருந்தது. ஆடிப்பெருக்கு அன்று பூஜையில் முதலாளி என் தோளைத் தட்டினார்.

அடுத்து நான் செய்த காரியத்தை இன்று சபையில் ஒப்புக்கொள்ள வேண்டும். வேலை முடிந்த அன்றே அந்தக் கேள்வியை அழித்துவிட்டேன். அதோடு அவள் பதிலும் போய்விட்டது. சாயங்கால பஸ்ஸில் ஒரு பெண் நேரே என்னிடம் வந்து நின்றாள். குழுவில் என் படத்தைப் பார்த்து அடையாளம் வைத்திருந்தாள்.

"நாந்தான் மாரீஸ்வரி. ஏண்ணே அழிச்சீக?"

"முதலாளி பார்த்துட்டா வம்புமா. ஆடிப்பெருக்குக் கூட்டம் ஓயட்டும், திரும்பப் போட்டுடுறேன்."

"சரியாச்சுன்னு வந்து ஒரு வார்த்த எழுதுறதுக்கு எம்புட்டு நேரம் ஆகும்? கெணத்துல தண்ணி எடுத்துட்டு வாளியையும் தூக்கிட்டுப் போற ஆளா நீங்க?"

பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. பக்கத்தில் இருந்தவர் உண்மையிலேயே நான் வாளி திருடிவிட்டதாக நினைத்து என்னை ஏற இறங்கப் பார்த்தார். அதைக் கண்டு அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. அன்றுதான் சொன்னாள். முதல்முதலாக வேறொரு இடத்தில் கேள்வி கேட்டபோது, இதுகூடத் தெரியாதா என்று நாலு பேர் கேலி பண்ணி விரட்டினார்களாம். யாழ்ப்பாணத்துக்காரர் ஒருவர் அதற்கும் மூன்று வருஷம் முன்பே எங்கோ எழுதிவைத்திருந்த பதில்தான் அவளைக் கரையேற்றியதாம். "அந்த மனுசன் யாருன்னே தெரியாது. எழுதி வச்சிட்டுப் போயிருந்தாரு, நான் பொழச்சேன்" என்றாள்.

அதற்குப் பிறகு பஸ்ஸில் பார்க்கும்போதெல்லாம் "சாப்பிட்டீகளா?" என்பாள். அடுத்த கேள்வி "போட்டீகளா?" என்றுதான் இருக்கும். தீபாவளி போகட்டும் என்பேன், பொங்கல் போகட்டும் என்பேன். கேட்பதை அவளும் விடவில்லை.

பதினாறாம் நாள் காரியத்துக்கு ஆமத்தூர் போனேன். தங்கபாண்டி பட்டாசு லோடு ஏற்றும் வேன் ஓட்டுகிறவர். "வாங்கண்ணே" என்று கையைப் பிடித்துக்கொண்டார். "போன்ல என்னதான் பண்ணுவான்னு எனக்கு வெளங்காது. எழுதுவா, தானா சிரிப்பா. சில நேரம் ஏசுவா." நான் குழுவைத் திறந்து அவள் பதில்களை ஒவ்வொன்றாகத் தள்ளிக் காட்டினேன். தள்ளத் தள்ள வந்துகொண்டே இருந்தது. "அம்புட்டுப் பேருக்குமா சொன்னா? ஒங்களுக்குச் சொன்னதக் காட்டுங்க" என்றார்.

என்னிடம் காட்டுவதற்கு ஒன்றும் இல்லை. நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போலிருந்தது. அழித்துவிட்டேன் தம்பி என்று சொல்லி அங்கேயே அழுதுவிட்டேன்.

மறுநாள் முதலாளியிடம் அனுமதி கேட்டேன். "ஏப்பா, அந்த வருஷத்துக் காலண்டர ஊரே கிழிச்சுப் போட்டாச்சு. இதுல மறைக்க என்ன இருக்கு?" என்று சிரித்தார். அவருக்குப் பயந்தேன் என்பதெல்லாம் சாக்கு. எதிர்க் கம்பெனிப் பெண் என் தப்பைக் கண்டுபிடித்தாள் என்று நாலு பேர் படிப்பார்களே என்கிற வெட்கம், அவ்வளவுதான். அன்றே உண்மையான பத்து வரியோடு கேள்வியைத் திரும்பப் போட்டேன். அதன் கீழே அவள் சொன்ன பதிலை நினைவிலிருந்து எழுதி, "கண்டு சொன்னவர் மாரீஸ்வரி, ஆமத்தூர். எனக்குச் சரியாகிவிட்டது" என்று முடித்தேன். தங்கபாண்டிக்கும் அனுப்பிவைத்தேன்.

நான்காம் நாள் ஒரு பதில். மட்டக்களப்பில் பள்ளிக்கூடத்துக்கு வருகைப் பட்டியல் புரோகிராம் எழுதும் பெண்ணாம். "எனக்கும் ஒரு நாள் பிந்தியே வந்தது, இரண்டு நாளாக நித்திரை இல்லை. இப்ப சரியாகிட்டுது. நன்றி மாரீஸ்வரி அக்கா. இன்னொரு சந்தேகமும் இருக்கு, கேட்கலாமா?"

அவளிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது, எழுதி வைத்துவிட்டுப் போகிற அந்தப் பழக்கம்தான். அதைத் தாமதமாகத்தான் எடுத்துக்கொண்டேன், இனி விடமாட்டேன். அக்கா இப்போது இல்லை என்பதை அந்தப் பெண்ணுக்கு மெதுவாகத்தான் சொல்ல வேண்டும். முதலில், "கேளுங்கம்மா" என்று எழுதினேன். "தப்பு வருகிற உண்மையான பத்து வரியைப் போடுங்க. பொதுவிலேயே போடுங்க."