கண்ணால் தொடும் கை

முதலில் வலிக்கவே இல்லை. பொன்னேரி ஆஸ்பத்திரி வராந்தாவில் ஸ்ட்ரெச்சரில் கிடந்தேன். வலது கையைச் சுற்றியிருந்த சேலைத் தலைப்பு சொட்டச் சொட்ட நனைந்திருந்தது. விரல்களில் மட்டும் ஒன்றும் தெரியவில்லை. வலி இல்லையே, பெரிதாக ஒன்றும் இருக்காது என்று நினைத்தேன். உங்களில் யாருக்காவது இப்படி நேர்ந்தால் அந்த நிம்மதியை நம்பாதீர்கள்.

நான் பழவேற்காடு ஏரியில் இறால் தடவுகிறவள். வலை கிடையாது. தண்ணீருக்குள் உட்கார்ந்தபடியே நகர்ந்து, சேற்றைக் கைகளால் துழாவி, அகப்பட்டதைப் பல்லில் கவ்வியிருக்கும் பறியில் (ஓலைக் கூடை) போட வேண்டும். கலங்கல் தண்ணீரில் கண்ணுக்கு வேலை இல்லை. படுவது இறாலா, நண்டா, சிப்பியா என்று விரலே சொல்லிவிடும். என் கணவர் ஏழுமலையும் பக்கத்திலேயே தடவுவார்.

இறால் அகப்படாத காலத்தில் திருப்பாலைவனம் பக்கம் வயல் கூலிக்குப் போவோம். அன்று நெல்லுக்கு ட்ரோன் வைத்துப் பூச்சிமருந்து அடித்தார்கள். பைலட் இல்லாத குட்டி விமானம் அது. தண்ணீர் சுமந்து மருந்து கலந்து கொடுப்பது எங்கள் வேலை. டேங்க் நிறைந்ததும், ரிமோட் வைத்திருந்தவர் "தள்ளிப் போங்க" என்று கத்தினார். நான் தள்ளித்தான் நின்றேன். என் கணவர் காலி கேனை எடுக்கத் திரும்பிக் குனிந்தார். ட்ரோன் இடுப்பு உயரம் எழும்பியதும் வாடைக்காற்று ஒரு தள்ளு தள்ளியது. அது அவர் பக்கம் சாய்ந்தது.

படகு சாய்ந்தால் விளிம்பைப் பிடித்து இழுப்போம். சின்ன வயதிலிருந்து அப்படிப் பழகிய கை. யோசிக்காமல் பாய்ந்து போய் ட்ரோனின் காலைப் பிடித்து இழுத்துவிட்டேன். சுழன்ற இறக்கை என் மணிக்கட்டின் உட்புறத்தை அறுத்துக்கொண்டு போனது. அவர் மேல் ஒரு கீறல்கூட இல்லை.

சென்னையில் அறுவை சிகிச்சை. தசைநாண்களையும் (தசையை எலும்போடு கட்டும் நார்கள்) நரம்புகளையும் தைத்தார்கள். பூச்சிமருந்து பட்ட காயம் என்பதால், விஷம் ஏறுகிறதா என்றும் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். நாண்கள் ஒட்டின. பயிற்சிக்குப் பிறகு விரல்கள் மடங்கின. தொடு உணர்ச்சி மட்டும் வரவில்லை.

"நரம்பு மெதுவாத்தான் வளரும்மா. ஒரு அரிசி நீளம் வளர ஒரு வாரம் ஆகும்" என்றார் டாக்டர். தையலிலிருந்து விரல் பக்கமாகத் தட்டிக்கொண்டே வந்தார். எந்த இடத்தில் சுரீரென்று ஷாக் அடிக்கிறதோ, நரம்பு அதுவரை வந்துவிட்டதாம்.

அன்றிலிருந்து காலையில் எழுந்ததும் தட்டிப் பார்ப்பேன். "இன்னிக்கி எதுவரிக்கும் வந்துக்குது?" என்று கேட்பார் என் கணவர், தாமதமான பஸ்ஸை விசாரிப்பதுபோல.

சில நாள் எரிந்து விழுவார். "உன்ன யாரு அத்த புடிக்க சொன்னது? எம்மேல வுழுந்தா வுழுந்துட்டுப் போவுதுன்னு வுட வேண்டியதுதான?"

"வுட்டிருந்தா நீ போட்டோவுல இருந்திருப்ப. நான் வெள்ளிக்கெழம வெள்ளிக்கெழம மால வாங்கினு இருந்திருப்பேன்" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. எழுந்து வெளியே போய்விட்டார். எனக்கும் அழுகை வந்தது.

ஒருநாள் குழம்புச் சட்டியை இறக்கும்போது தீய்ந்த வாடை அடித்தது. குழம்பு அடிப்பிடித்துவிட்டது என்றுதான் நினைத்தேன். தீய்ந்தது என் விரல். சூடான எதையும் முதலில் நல்ல கையால் தொட்டுப் பாருங்கள். உணர்ச்சியற்ற கையைக் கண்ணால் காவல் காக்க வேண்டும்.

சுரீர் உள்ளங்கை வரை வந்தது. அதற்குமேல் நகரவில்லை. டாக்டர் என் கண்களை மூடச் சொல்லி, "கையில இருக்கிறது என்னன்னு சொல்லும்மா" என்றார்.

"இன்னும் ஒண்ணும் வெக்கலியே டாக்டர்."

கண்ணைத் திறந்தால், விரல்களுக்குள் ஒரு சாவி.

"இனிமே வர்றது கஷ்டம்மா" என்றார் அவர். திட்டியிருந்தால்கூடப் பொறுத்திருப்பேன். அவ்வளவு மெதுவாகச் சொன்னார்.

அப்படியும் ஒருநாள் ஏரியில் இறங்கினேன். இடது கைக்கு இறால் அகப்பட்டது. வலது கை எதைப் பிடித்தது, எதை விட்டது என்று தெரியவில்லை. கரையேறிப் பார்த்தபோது, அந்தக் கையில் ஒரு இறால் கூழாக நசுங்கிக் கிடந்தது. நடுவிரலில் சிப்பிச் சில்லு ஒன்று ஆழமாக ஏறி, ரத்தம் வழிந்துகொண்டிருந்தது.

"போதும். நீ இனிமே எறங்காத" என்றார் என் கணவர். என்னை மணலில் உட்காரவைத்து, சில்லை எடுக்கக் குனிந்தார். நான் அதைப் பார்க்கப் பிடிக்காமல் ஏரிப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். எங்கள் ஆட்கள் தலை மட்டும் தெரிய வரிசையாகத் தடவிக்கொண்டு போனார்கள். அவர்கள் கண்ணுக்கு எட்டாத தூரம் போகும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன்.

"எடுத்தாச்சா?" என்று கேட்டேன்.

"எப்பவோ எடுத்துட்டேன்."

திரும்பிப் பார்த்தேன். என் வலது கை விரல்கள் அவருடைய இரண்டு கைகளுக்குள் இருந்தன. எவ்வளவு நேரமாக அப்படிப் பிடித்துக்கொண்டிருந்தார் என்று எனக்குத் தெரியாது.