பழி தீர்க்க நடந்த நடை

கல்யாணமாகி நாகர்கோவிலிலிருந்து ஸ்ரீவராகத்துக்கு வந்து பதினெட்டு வருடம் ஆகிறது. மலையாளத்தில் பிழையில்லாமல் கோப்பு எழுதுவேன். வாயைத் திறந்தால் மட்டும் ஊர் தெரிந்துவிடும். அலுவலகக் கூட்டம் ஒன்றில் நான் பேசி முடித்ததும் எங்கள் சூப்பரண்டு என் கடைசி வாக்கியத்தை அதே இழுவையோடு திரும்பச் சொன்னார். எல்லோரும் சிரித்தார்கள். அதன்பிறகு வாரம் ஒருமுறையாவது அது நடந்தது.

அவரை எங்கே தொட்டால் வலிக்கும் என்று தெரிந்துகொள்ள நினைத்தேன். தினமும் காலையில் எங்கள் பக்கத்துக் குளக்கரையில்தான் அவர் நடப்பார். ஏழு மணிவரை தூங்கும் நான் ஐந்தரைக்கு எழுந்து நடக்க ஆரம்பித்தேன்.

"சுகர் வந்துரும்னு பயமா?" என்றார் கணவர்.

"ஆமா" என்றேன்.

சூப்பரண்டோடு அவருடைய இருபது வயது மகளும் வருவாள். விபத்தில் தலையில் அடிபட்டவள் என்று பால் பூத்துக்காரர் சொன்னார். ஒரு வாக்கியத்தை முடிக்க அவளுக்கு அரைச்சுற்று ஆகும். அவர் குறுக்கே பேசமாட்டார், வார்த்தை எடுத்துக் கொடுக்கமாட்டார். அவள் நின்றால் நிற்பார்.

பத்து நாள் பின்னால் நடந்து பார்த்தேன். அந்தப் பெண்மேல் இரக்கம் வந்தது. அவர்மேல் கோபம் இரட்டித்தது. பொறுமை தெரியாத மனிதர் என்றால் மன்னித்திருப்பேன். பொறுமை தெரிந்தவர், எனக்குத் தர மனமில்லாதவர்.

மறுநாள் எதிரே போய் நின்றேன். அவர் சிரிக்க முயன்றார். நான் மகளிடம் பேசினேன், என் இழுவையைக் கொஞ்சமும் மறைக்காமல்.

"மோளே, ஒங்க அச்சன் ஆபீஸ்ல நான் பேசுறதை அப்படியே பேசிக் காட்டுவாரு. எல்லாரும் சிரிப்பாங்க. நீ கேட்டதில்லையா?"

அவள் அப்பாவைப் பார்த்தாள். "அச்சா... ஒண்ணு... காணிக்கு" என்றாள், காட்டச் சொல்லி.

அவர் குளத்தைப் பார்த்தார். அவள் காத்திருந்தாள். அவர் அவளுக்காகக் காத்திருப்பதுபோலவே, அவசரமில்லாமல். கொஞ்ச நேரத்தில் அவளுக்குப் புரிந்துவிட்டது. அவர் கையிலிருந்து தன் கையை எடுத்துக்கொண்டாள்.

நான் நடந்து வந்துவிட்டேன். அன்று காலை இட்லி இரண்டு கூடுதலாகவே இறங்கியது.

அலுவலகத்தில் பிறகு அவர் யாரையும் பேசிக் காட்டவில்லை. குளக்கரைக்கும் அப்பாவும் மகளும் வரவில்லை. அவர் தலைகுனிந்ததில் எனக்கு இன்றும் வருத்தமில்லை. அந்தப் பெண் இப்போது எங்கே நடக்கிறாள் என்று மட்டும் பால் பூத்தில் கேட்டேன். பூத்துக்காரருக்கும் தெரியவில்லை.