சக்கரத்துக்கு வைக்காத எலுமிச்சம்பழம்

என் மகன் மண் டிராக்கில் பைக் பந்தயம் ஓட்டுகிறவன். மண்ணை மேடு மேடாகக் குவித்து வைத்திருப்பார்கள். ஆள் உயரத்துக்கு மேலே பறந்து இறங்க வேண்டும். ஒரு டீமுக்குச் சம்பளத்துக்கு ஓட்டுகிறான். அந்த சீசனில் ஆறு ரவுண்டு. முதல் ஐந்திலும் அவன்தான் முதல். இரண்டாவது வண்டி எங்கோ பின்னால் புழுதியில் வரும்.

நல்லம்பள்ளியிலிருந்து ஒவ்வொரு ரவுண்டுக்கும் நானும் வேனில் போவேன். அதியமான்கோட்டை பைரவர் காலடியில் வைத்து வாங்கிய எலுமிச்சம்பழத்தை, பந்தயம் தொடங்கும் முன் மகனுடைய பைக்கின் முன்சக்கரத்தின் அடியில் வைப்பேன். அதை நசுக்கிவிட்டுத்தான் வண்டி கிளம்பும். லாரிக்காரர், டிராக்டர்காரர் எல்லாரும் செய்வதுதானே. ஜெயிக்க வேண்டும் என்று ஒருநாளும் நான் கேட்டதில்லை. ஓட்டுகிற பிள்ளைகள் எல்லாம் கைகால் முழுசாக வீடு சேர வேண்டும், சாமி. அவ்வளவுதான்.

ஐந்தாவது ரவுண்டு முடிந்ததும், இரண்டாவதாக வந்தவனின் அப்பா பந்தயம் நடத்துகிறவர்களிடம் புகார் எழுதிக் கொடுத்தார். இன்ஜினில் திருட்டு வேலையாம். கப் கைக்கு வருவதற்கு முன்பே வண்டியைத் தள்ளிக்கொண்டு போய் போல்ட் போல்ட்டாகக் கழற்றினார்கள். உடம்பெல்லாம் காய்ந்த சேற்றோடு என் மகன் வெயிலில் நின்றான், களவாடியவனைப் போல. ஒன்றும் கிடைக்கவில்லை. ஒரு மன்னிப்பு? அதுவும் இல்லை. என் காதுபடவே அந்த மனிதர் சொன்னார்:

"இன்ஜின்ல ஒண்ணும் இல்லையாம்ப்பா. எல்லாம் அந்தம்மா லெமன்லதான் இருக்குது. அடுத்த தடவ அதையும் செக்கிங்குக்கு அனுப்பணும்."

கூட நின்றவர்கள் சிரித்தார்கள். போன வருஷம் மகன் விழுந்து தோள்பட்டை விலகி, தன் கையால் சோறு பிசைந்து தின்ன முடியாமல் கிடந்தானே, அது இவர்களுக்குத் தெரியுமா? என் பிள்ளையின் உழைப்பையும் என் சாமியையும் ஒரே வாயில் கேவலப்படுத்திவிட்டார்.

கடைசி ரவுண்டுக்குப் பழம் கொண்டுபோனேன். ஆனால் வைக்கவில்லை. முந்தானையில் முடிந்து வைத்துக்கொண்டேன். பழம் இல்லாமலே ஜெயிப்பதை அந்த ஆள் பார்க்கட்டும். ஹெல்மெட்டோடு மகன் குனிந்து சக்கரத்தடியைப் பார்த்தான்.

"பழம் எங்கம்மா?"

"இன்னிக்கு வேணாம். நீ போ."

ஒரு நொடி என்னைப் பார்த்தான். போய்விட்டான்.

வண்டிகளை மறித்து நின்ற கேட் கீழே விழுந்ததும் அத்தனை வண்டியும் ஒரே வளைவுக்குள் பாய்ந்தன. அப்போதுதான் எனக்கு உறைத்தது. என்ன காரியம் செய்தேன்! எவரோ சொன்ன சொல்லுக்கு ரோசப்பட்டு, பெற்ற பிள்ளையைச் சாமி துணையில்லாமல் அனுப்பிவிட்டேனே! அவன் மேட்டில் எழும்பும்போதெல்லாம் முந்தானை முடிச்சைப் பிடித்துக்கொண்டு, "பைரவா, என் மேல கோபத்தை வெச்சுக்கோ, அவன் மேல வேணாம்" என்று முனகினேன்.

முதலாவதாகத்தான் வந்தான். அந்த மனிதர் இளித்துக்கொண்டு வந்தார்.

"லெமன் இல்லாமயே அடிச்சிட்டாரே உங்க பையன்!"

"ஜெயிக்கறதுக்குன்னு யாருங்க வெச்சது? எலும்பு முறியாம வரணும்னு வெச்சேன். உங்க பையனுக்கும் சேத்துத்தான் வேண்டிக்கிட்டிருந்தேன். அதையும் கழட்டிப் பாக்கறீங்களா?"

கேட்டுவிட்டும் என் ஆத்திரம் அடங்கவில்லை.

சாமானெல்லாம் ஏற்றிய பிறகு மகன் கப்பை சீட்டில் போட்டுவிட்டுச் சொன்னான்:

"இப்பவாச்சும் வெய்யிம்மா. வூட்டுக்குப் போவணும்ல."

முடிச்சை அவிழ்த்து, வேனின் முன்சக்கரத்துக்குப் பழத்தை வைத்தேன்.