ஆயர் கதையின் மறுபாதி

தொண்ணூறுகளில், அமெரிக்காவில் பிரிட்ஜ்வாட்டர் என்ற ஊரில் எங்கள் வீட்டு பேஸ்மென்ட்டில் தமிழ்ப் பிள்ளைகளுக்கு மறைக்கல்வி வகுப்பு தொடங்கியவள் நான். யாரும் சொல்லித் தொடங்கவில்லை. பிள்ளைகள் வாயில் தமிழில் ஒரு செபம்கூட வரவில்லையே என்ற ஆதங்கம்தான். சில வருடம் நன்றாகவே நடந்தது. பிறகு எங்கள் செபக்குழுத் தலைவரான டாக்டர் அங்கிள் மகனுக்கு ஊரிலிருந்து பெண் எடுத்தார். வந்த மருமகளுக்கு வேலை பார்க்கிற விசா இல்லை, வீட்டில் போரடித்தது. உடனே என் வகுப்பு அங்கிளின் கண்ணை உறுத்தத் தொடங்கியது.

நேரடியாகக் கேட்டிருந்தால்கூடப் பொறுத்திருப்பேன். மனிதர் ஒரு புனிதரைத் துணைக்கு அழைத்து வந்தார். அந்த மாதச் செபக்கூட்டத்தில், ஆயிரத்து முந்நூறு வருடத்துக்கு முன் இங்கிலாந்தில் வாழ்ந்த ஓர் ஆயரை, அதாவது பிஷப்பை, பற்றிப் பேசினார். ஊர் ஊராக நடந்தே போய்ப் போதித்தவர். புதிதாக வந்த பேராயர், உமக்கு ஆயர் அபிஷேகம் முறைப்படி நடக்கவில்லை என்றதும், நான் இதற்குத் தகுதியானவன் என்று ஒருநாளும் நினைத்ததில்லை என்று சொல்லிப் பதவியை விட்டு விலகிவிட்டாராம். அத்தோடு கதையை நிறுத்தி அங்கிள் என்னைப் பார்த்தார்.

"நம்ம கிளாஸுக்கு உன்னையும் யாரும் முறைப்படி அப்பாயின்ட் பண்ணலியேம்மா. இனிமே மருமக பாத்துக்கட்டும்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்தக் கதையை நானே பிள்ளைகளுக்குச் சொல்லியிருக்கிறேன். அந்தப் பேராயரே பின்னால் அபிஷேகத்தைச் சரிசெய்து, அவரை வேறொரு மறைமாவட்டத்துக்கு ஆயராக்கினார். இனி நடக்க வேண்டாம் என்று தன் கையாலேயே தூக்கிக் குதிரைமேல் உட்கார வைத்தார். எல்லாருக்கும் கேட்கும்படி இதைச் சொன்னேன்.

"அவருக்கு வேற எடம் குடுத்தாங்க அங்கிள். எனக்கு என்ன குடுக்கறீங்க?"

அங்கிள் சிரித்தார். கண்ணை மூடிக்கொண்டு, இந்தச் சகோதரிக்கும் அந்தப் புனிதரின் தாழ்ச்சியைத் தாரும் ஆண்டவரே என்று செபிக்க ஆரம்பித்துவிட்டார். என் வாயை அடைக்க ஆண்டவரையே கூப்பிடுகிற துணிச்சல் வேறு யாருக்கு வரும்? எல்லாரும் ஆமென் சொன்னார்கள். பக்கத்தில் இருந்த என் கணவரும் சொன்னார்.

அடுத்த ஞாயிறு பூசை முடிந்து வந்து, பிடிவாதமாக பேஸ்மென்ட்டில் நாற்காலிகளைப் போட்டு வைத்தேன். வாசலில் ஒரு கார்கூட வந்து நிற்கவில்லை. மேலே ஏறி வந்தால், கணவர் எங்கள் மகளுக்கு ஷூ மாட்டிவிட்டுக்கொண்டிருந்தார்.

"எதுக்கு வம்பு? இவள அங்கிள் வீட்ல டிராப் பண்ணிட்டு வந்துடறேன்" என்றார்.