திருநீறு சுற்றிய தாள்

எங்கள் பக்கத்தில் கிறிஸ்தவர்களை வேதக்காரர் என்று சொல்வார்கள். என் மாமி, அதாவது அப்பாவின் தங்கை, ஆனி மாதத்தில் மட்டும் அம்மன் கோயிலுக்குப் போகிற வேதக்காரி என்று புங்குடுதீவில் ஒரு பகிடி இருந்தது. பகிடியில் பெரிய பிழையில்லை. நயினாதீவு அம்மன் திருவிழாவுக்குச் சனத்தை ஏற்றி இறக்குவது எங்கள் பெரியப்பாவின் மோட்டர் வள்ளம். மாமி முதல் நடையிலேயே ஏறி முன்பக்கம் குந்திக்கொள்வார். ஏறுகிற எல்லோருக்கும் இயேசுநாதரைப் பற்றிய ஒரு தாளை நீட்டுவார். கோயிலடிக்குப் போகமாட்டார், வள்ளத்தோடு போய் வள்ளத்தோடு திரும்புவார். சாமி கும்பிடப் போகிற சனத்தை ஏன் குழப்புகிறாய் என்று பெரியப்பா வருடா வருடம் கேட்பார். வருடா வருடம் ஏற்றிக்கொண்டும் போவார்.

சனம் நல்ல மரியாதையான சனம். நீட்டியதை ஒருவரும் வேண்டாமென்றதில்லை. வாங்கி விசிறினார்கள், ஈரப்பலகையில் விரித்து அதன்மேல் இருந்தார்கள், வெயிலுக்குத் தலையில் பிடித்தார்கள். இத்தனை வருடத்தில் ஒருவராவது வேதத்துக்கு வந்ததாக ஊரில் பேச்சில்லை. மாமி அதைப் பற்றிக் கவலைப்பட்டதாகவும் தெரியவில்லை. அந்தக் கவலை முழுவதையும் நானே எடுத்துக்கொண்டேன். எனக்கு அப்போது ஒன்பது வயது.

காரணம் எங்கள் ஞாயிறு வகுப்பு ரீச்சர். நாங்கள் சொல்லாமல் விட்டு ஒருவர் மோட்சத்துக்குப் போகாவிட்டால், அதற்குக் கடவுளிடம் நாங்கள்தான் பதில் சொல்லவேண்டும் என்று அவர் சொல்லிவைத்திருந்தார். உலகத்திலுள்ள மற்றவர்களைப் பற்றி எனக்குப் பெரிய அக்கறை இல்லை. பக்கத்து வீட்டு அக்கா ஒருத்தியைப் பற்றித்தான் பயம். அவர் சைவம். தினமும் எனக்குத் தலை இழுத்து இரட்டைப் பின்னல் பின்னிவிடுவது அவர்தான். அம்மா சீப்பை எடுத்தால் எனக்குக் கண்ணீர் வரும், அக்கா எடுத்தால் வராது. அக்கா இல்லாத மோட்சத்தில் எனக்கு யார் தலை இழுப்பது?

அந்த வருடம் அக்காவும் வள்ளத்தில் ஏறினார். கலியாணமாகி ஆறு வருடமாகியும் பிள்ளையில்லை என்று அம்மனுக்கு நேர்த்தி வைத்திருந்தார். நான் மாமியிடம் கெஞ்சி, என் கையாலேயே அவருக்கு ஒரு தாள் கொடுத்தேன். காணாமற்போன ஆட்டைத் தேடிப் போகிற மேய்ப்பனின் கதை அது. எனக்கு மனப்பாடம். அக்கா சிரித்துக்கொண்டு வாங்கிப் பைக்குள் வைத்தார். திரும்பி வரும்போது படிப்பார் என்று நம்பிக்கொண்டு வள்ளத்திலேயே காத்திருந்தேன்.

திரும்பும்போது அக்கா என் பக்கத்தில் வந்து இருந்தார். கோயிலில் கிடைத்த திருநீற்றை வாழையிலைத் துண்டில் வைத்திருந்தார். இலை கிழிந்து கொட்டத் தொடங்கியது. பைக்குள் கையை விட்டுத் தாளை எடுத்தார். அதை மடியில் விரித்து, நேரே படத்திலிருந்த ஆட்டின் தலையில் திருநீற்றைத் தட்டி, மடிக்கத் தொடங்கினார்.

"அது உங்களுக்குப் படிக்கத் தந்தனான்" என்று எட்டிப் பறித்தேன்.

தாள் இரண்டாகக் கிழிந்தது. பாதி என் கையில். திருநீறு பலகையிலும் வள்ளத்தின் அடித்தண்ணீரிலும் கொட்டிப்போயிற்று. அக்கா என்னை ஏசவில்லை. கொட்டியதையே பார்த்துக்கொண்டிருந்தார், கண் நிறைந்துவிட்டது. பிள்ளை தரமாட்டேன் என்று அம்மனே சொல்லிவிட்டதாக அவர் நினைத்திருப்பார் என்பது எனக்குப் பிற்காலத்தில்தான் பட்டது.

மாமி ஆட்களின் தோள்களைப் பிடித்துப் பிடித்து வந்து, எங்கள் முன்னால் முழங்காலில் இருந்தார். பலகையில் கிடந்த திருநீற்றைச் சேலைத் தலைப்பால் மெல்லக் கூட்டி, அக்காவிடம் மிஞ்சியிருந்த பாதித் தாளில் சேர்த்தார். பலகையில் கிடந்ததில் ஒரு சிட்டிகையும் வீணாகவில்லை. மடித்து, இரண்டு கையாலும் கொடுத்தார்.

"பிள்ளை பிழை விட்டிட்டுது. குறை நினைக்காதையும். உமக்காக நான் ஒவ்வொரு நாளும் மன்றாடுறனான்."

எனக்கு மானம் போயிற்று. நெற்றியில் திருநீறே வைக்காத எங்கள் மாமி, அத்தனை பேருக்கும் முன்னால் அதைக் கூட்டி அள்ளுவதா? இறங்கி நடக்கும்போது கேட்டே விட்டேன். மாமி நடையைக் குறைக்கவில்லை.

"குடுத்தால் குடுத்ததுதான். பிறகு அது அவையின்ரை தாள்."

வெட்கத்தில் ஒரு கிழமை அக்கா வீட்டுப் பக்கம் போகவில்லை. அம்மாவின் சீப்பில் அழுதேன். எட்டாம் நாள் வேலிக்கு அங்கால் நின்று அக்கா கூப்பிட்டார், கையில் சீப்பு. படியில் என்னை இருத்திப் பின்னலை அவிழ்த்துக்கொண்டே சொன்னார். அந்தத் திருநீறு தாளோடேயே சாமிப் படங்களுக்குப் பக்கத்தில் இருக்கிறதாம். விடிய எடுத்துப் பூசும்போதெல்லாம் எழுத்துக் கண்ணில் படுகிறதாம்.

"ஆட்டைத் தேடிப் போனவர் எண்டதோடை தாள் கிழிஞ்சு நிக்குது. பிறகென்ன நடந்தது?"

மூச்சு விடாமல் சொன்னேன். தேடிக் கண்டுபிடித்தார், தோளில் தூக்கிக்கொண்டு வந்தார், அயலட்டைச் சனத்தைக் கூப்பிட்டுச் சந்தோஷப்பட்டார்.

"தோளிலையோ தூக்கினவர்?" என்றார் அக்கா. அவர் கை கொஞ்ச நேரம் என் தலையிலேயே இருந்தது. பிறகு ரிப்பனைக் கட்டி, போ என்று முதுகில் தட்டினார். அவ்வளவுதான். கடைசிவரைக்கும் அவர் சைவமாகவே இருந்தார்.

நான் அழாக்குறையாக வீட்டுக்கு ஓடினேன். மாமி குசினியில் புட்டு அவித்துக்கொண்டிருந்தார். அக்கா கேட்டதையும் நான் சொன்னதையும் ஒப்புவித்து, அவர் வேதத்துக்கு வருவதைப் பற்றி ஒன்றுமே சொல்லவில்லை என்று முடித்தேன்.

"ஆடு கிடைச்சது வரைக்கும் சொன்னியோ?"

"ஓம்."

மாமியின் முகம் அப்படி மலர்ந்து நான் அதற்கு முன் கண்டதில்லை. ஒரு கோப்பையில் புட்டைக் கொட்டி, சீனியும் தேங்காய்ப்பூவும் அள்ளிப் போட்டு என்னிடம் நீட்டினார். வாய்க்குள் ஒரு கீர்த்தனை முணுமுணுத்தபடி மறுபடி அடுப்புப் பக்கம் திரும்பிவிட்டார். நான் சொன்னது அவருக்குச் சரியாகக் கேட்கவில்லையாக்கும் என்று நினைத்தேன். கோப்பையோடு பின்னால் போய், அக்கா ஒன்றுமே சொல்லவில்லை என்று இன்னொரு முறை உரக்கச் சொன்னேன்.