கழுவிய மணல்

இங்கே மணலையும் நிறுத்துத்தான் வைக்கிறார்கள். ஜேர்மனியில் எனக்கு முதலில் விளங்காமல் போனது அதுதான். மாவு மாதிரி வெள்ளை மணல். சிலிக்கா என்பார்கள். அதில் ஒரு மருந்தை ஒட்டவைத்திருக்கிறார்கள். கரைத்த ரப்பருக்குள் போட்டால் ரப்பரின் நீளச் சங்கிலி துண்டு துண்டாக அறும். அறுந்த துண்டின் இரண்டு நுனியிலும், வேறொன்றைப் பிடிக்கிற கொளுக்கி மாதிரி ஒன்று வரும். பிறகு மணலை வடித்தால் ரப்பர் தேனாக ஓடும், மருந்து மணலோடு நின்றுவிடும். மருந்து தீரும்வரை அதே மணலைத் திரும்பப் போடலாம். எங்கள் மேலாளர் குந்தர் அப்படித்தான் சொன்னார். நான் நம்பவில்லை. கண்ணுக்குத் தெரியாத ஒன்று ஒட்டியே நிற்கும் என்று யார் கண்டது?

ஊரில் நான் சீனன்குடா எண்ணெய்த் தாங்கிகளில் கூலி. வெளியே போகும்போது வாசலில் காவலர்கள் சோற்றுப் பெட்டியையும் திறந்து பார்ப்பார்கள். வேலை முடிந்தால் தொட்டது எல்லாவற்றையும் கழுவிவிட்டுத்தான் எங்கள் கிராமமான கப்பல்துறைக்குத் திரும்புவோம். அந்தப் பழக்கத்தில் இங்கேயும் வடித்த மணலைக் கழுவி உலர்த்தி வைத்தேன். கழுவின தண்ணீரைக் கழிவுநீர்க் கானுக்குள் விட மனம் வரவில்லை. வாளியிலேயே மூடி வைத்தேன்.

அடுத்த நாள் மணல் நிறை குறைந்திருந்தது. அதைப் போட்ட ரப்பரும் அறாமல் பசையாகக் கிடந்தது. அந்த மருந்து விலை கூடிய சாமான். குந்தர் என்னைப் பார்த்தார். அவர் கேட்கமுன்னமே பையைத் திறந்து காட்டினேன். அதோடு அவருக்குச் சந்தேகம் கூடிவிட்டது. களவெடுக்காதவன் ஏன் தானாகத் திறக்கிறான் என்பது அவர் கணக்கு. வேலை போனால் மனைவி இங்கே வருகிற விசாவும் போகும். பையை மூடாமல் பிடித்துக்கொண்டு நின்றேன்.

கூட வேலை செய்கிற யோகன் அண்ணை வந்தார். யாழ்ப்பாணத்து ஆள்.

"என்ன தம்பி, மணல் ஏத்தி வித்தனியோ?"

"கழுவினனான் அண்ணை."

"தண்ணியாலயோ?"

"ஓம்."

"அப்ப மருந்தையெல்லோ கழுவிப்போட்டு நிக்கிறாய். தண்ணி எங்க?"

வாளியைக் காட்டினேன். அண்ணை குந்தருக்கு ஜேர்மன் மொழியில் விளங்கப்படுத்தினார். குந்தர் தண்ணீரில் கொஞ்சம் எடுத்துப்போய்ச் சோதித்தார். மருந்து அதற்குள் இருந்தது. திரும்பி வந்தவர் மன்னிப்புக் கேட்கவில்லை. இனிக் கழுவாதே என்று கையால் காட்டினார். நான் தலையாட்டினேன்.

வேலை போகவில்லை. இப்போது மணலைக் கழுவுவதில்லை. ஆனால் பின்னேரம் வெளியே போகும்போது, வாசலுக்குக் கிட்ட வந்ததும் கை தானாகப் பையைத் திறந்து பிடிக்கிறது. பார்ப்பதற்கு அங்கே ஒருவரும் நிற்பதில்லை.