இரங்கல் ஏட்டில் ஈரம்

சிட்டு ஜெயித்தவை என்று அவள் அக்காவிடம் ஒரு பட்டியல் உண்டு. நாலு வயதில் உயிரைக் குடிக்க வந்த தொண்டை அடைப்பான். பத்தொன்பது வயதில், கை நீட்டியே பழகிய புருஷன். இடுப்பில் ஒற்றைக் கயிறோடு துடைத்த ஏழு மாடிக் கண்ணாடி. அப்புறம், இருபத்திரண்டு பேர் வரிசை கட்டி நின்ற தூதரகத் துப்புரவு வேலை. பதினாறு வருடமாக ஒரு நாள்கூட விடுப்பில்லை. பள்ளிக்கூட வாசலை மிதிக்காதவள்தானே என்று யாராவது இழுத்தால் அக்காவுக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும்.

அந்தத் தூதரகத்து நாட்டில், பாலர் வகுப்புக் குழந்தைகள் உட்படச் சுற்றுலா போன பள்ளிப் பிள்ளைகளோடு ஒரு படகு கவிழ்ந்தது. இருநூற்றுப் பத்துப் பேர் இறந்தார்கள். கீழ்த்தளக் கூடத்தில் கறுப்புத் துணி விரித்த மேசை போட்டு, இரங்கல் ஏடு வைத்தார்கள். ஊர் ஜனம் வரிசையில் வந்து நாலு வரி எழுதிக் கையெழுத்திட்டது. வெள்ளிக்கிழமை விமானத்தில் ஏடு அந்த நாட்டுக்குப் போக வேண்டும்.

காலை எட்டு மணிக்குக் கூடத்தைத் திறந்து மேசையைத் துடைப்பது சிட்டுவின் வேலை.

"பேனாவைத் துடைச்சே தேய்ச்சிடுவ போலிருக்கே" என்றார் காவலாளி.

"எழுதித்தான் தேயணுமா அண்ணே?"

மூன்றாம் நாள் அவள் மேலாளரிடம் போய் நின்றாள். "சார், நானும் அந்தப் பிள்ளைங்களுக்காக ஒண்ணு வச்சுக்கிறேன். எனக்குக் கைநாட்டுத்தான் தெரியும்."

மேலாளர் நல்ல மனிதர்தான். தயங்கித் தயங்கிச் சொன்னார். "அங்க இப்ப எந்தப் பிள்ளை யாருதுன்னு விரல் ரேகையை வச்சுத்தான் கண்டுபிடிக்கிறாங்கம்மா. நாமளும் ரேகை வச்சு அனுப்பினா, பெத்தவங்க என்ன ஆவாங்க?"

சிட்டு துடைப்பத்தை எடுத்துக்கொண்டு திரும்பிவிட்டாள். அன்று வீட்டில் சோறு இறங்கவில்லை.

மறுநாள் காலை ஏட்டைத் திறந்தபோது பக்கத்தின் அடியில் ஒரு கட்டைவிரல் அச்சு இருந்தது. மை இல்லை. ஈரம்தான், காகிதத்தில் சாம்பல் நிறமாகக் காய்ந்துகொண்டிருந்தது. அதற்கடுத்த நாள் அதே பக்கத்தில் நான்கு. வெள்ளிக்கிழமை காலை மேலாளர் எண்ணியபோது பதினொன்று.

"நான் அவ்வளவு சொல்லியும் வச்சிருக்கியே. இந்த வேலை உனக்கு வேணுமா வேண்டாமா?"

"நான் வைக்கலை சார்."

"சாவி உங்கிட்டதான இருக்கு?"

இரண்டு தெரு தள்ளித் தையல் கடையில் காஜா எடுத்துக்கொண்டிருந்த அக்காவுக்குக் காவலாளி ஆள் அனுப்பினார். அவள் கழுத்தில் தொங்கிய அளவு நாடாவோடு அப்படியே ஓடி வந்தாள்.

"சார், இவ கையை வச்சுப் பாத்துட்டு அப்புறம் பேசுங்க."

முத்திரைக்கு வைத்திருந்த மைப்பெட்டியில் தங்கையின் கட்டைவிரலைத் தோய்த்து வெள்ளைத் தாளில் அழுத்தினாள். வெறும் கரும்பொட்டு விழுந்தது. பதினாறு வருடத்துச் சோடாக்காரமும் பினாயிலும் ரேகையை எப்போதோ தின்றுவிட்டிருந்தன. ஏட்டில் இருந்தவையோ ஒவ்வொரு கோடும் தெளிவாக இருந்தன. அக்கா நாடாவை வைத்து அளந்தாள். ஒன்றுகூட அரை அங்குலம் தாண்டவில்லை. ஒன்றைப் போல இன்னொன்றும் இல்லை.

மேலாளர் ஜன்னல்களைப் பார்த்தார். எல்லாம் சாத்தியிருந்தன. மேசையை விட்டு இரண்டடி பின்னால் நகர்ந்தார்.

"யாரும்மா இது?"

சிட்டு அந்த அச்சுகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். "எழுதப் பழகாத பிள்ளைங்க சார். வேற எப்படி வைக்கும்?"

காவலாளி தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டார். கூடத்தில் உப்புத்தண்ணீர் வாடை அடித்ததாக அவர் பிற்பாடு சொன்னார். அக்காவுக்கு அப்படி எதுவும் தெரியவில்லை. காலடித் தரை மட்டும் சில்லிட்டிருந்தது அவளுக்கு நினைவிருக்கிறது.

"இப்படியே எப்படிம்மா அனுப்புறது?"

"கிழிச்சிராதீங்க சார். சின்னதுங்க மட்டும் தனியா இருக்குதுங்க. பெரியவங்க யாராவது ஒருத்தர் பக்கத்துல இருக்கட்டும்."

அந்த அச்சுகளுக்கு மேலே ஒரே ஒரு வரி காலியாக இருந்தது. வரிசையில் வந்த அத்தனை பேரும் அதை ஏன் தாண்டி எழுதினார்கள் என்று எவருக்கும் தெரியவில்லை.

சிட்டு கழுத்திலிருந்த அடையாள அட்டையைக் கழற்றி ஏட்டின் அருகே வைத்தாள். பதினாறு வருடமாக அதில் பார்த்த தன் பெயரின் மூன்று எழுத்துகளை ஒவ்வொன்றாகப் பார்த்து வரைந்தாள். அச்சடித்தவன் ஓர் எழுத்தின் மேல் புள்ளியை விட்டிருந்தான். அவளும் விட்டாள். அக்கா அதைக் கண்டும் திருத்தவில்லை. வாசலில் விமான நிலையத்துக்குப் போகும் வண்டி காத்திருந்தது. மணிக்கட்டுக்குக் கீழே காகிதம் நனைந்துகொண்டே வந்தது. சிட்டு கையை எடுக்கவே இல்லை.

மூன்று எழுத்தை எழுதி முடிக்க இருபத்தாறு நிமிடம் ஆனது. அன்று 2003 நவம்பர் 7, வெள்ளிக்கிழமை.